சிறிய அட்வென்ச்சர் பைக்: தேர்வு முதல் நெடும்பயணம் வரை

ஏறத்தாழ 150 சி.சி.யிலிருந்து 400 சி.சி. வரையிலான எஞ்சின், அகன்று உயர்ந்த ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் இருக்கை, நீளமாக இறங்கி ஏறும் சஸ்பென்ஷன், பெரிய முன்சக்கரம் ஆகியவை சேர்ந்த வண்டியையே சிறிய அட்வென்ச்சர் பைக் என்று சொல்கிறோம். இதை வாங்குபவர்களின் மனத்தில் மலைப்பாதையும் மண்சாலையும் இருக்கும். ஆனால் அந்த வண்டி ஓடப்போகும் தூரத்தில் பெரும்பங்கு வேலைக்குப் போய்வரும் சாலையில்தான் கழியும். அதனால் வண்டியைத் தேர்ந்தெடுப்பதானாலும் பொருத்துவதானாலும் பழகுவதானாலும், தினசரி ஓட்டத்தை முதலில் சரிசெய்துகொண்டு, நெடும்பயணத்துக்கு வேண்டியதை அதன்மேல் சேர்த்துக்கொள்ளும் வரிசையிலேயே இந்தக் கட்டுரை செல்கிறது.

எஞ்சின் சிறியது என்பதால் தயங்க வேண்டியதில்லை. பாரீஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் வரை நடந்து 1979-இல் முடிந்த முதல் பாரீஸ்-டக்கார் ராலிப் பந்தயத்தில் கார்களையும் பைக்குகளையும் ஒரே பட்டியலில் வைத்துத் தரவரிசை போட்டார்கள்; அதில் முதலாவதாக வந்தது யமஹா எக்ஸ்.டி. 500 என்னும் ஒற்றை சிலிண்டர் பைக். இன்று நாம் பேசும் வண்டிகளை விட அது பெரியதுதான். ஆனாலும் கரடுமுரடான நெடுந்தூரத்தில் எளிய, எடை குறைந்த வண்டிக்கு இருக்கும் அனுகூலம் அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் படி: ஒரு வார ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

ஏழு நாள்களில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், எந்த மாதிரிச் சாலை, நெரிசல் எவ்வளவு, பின்னால் ஆள் உட்காருவாரா, வண்டியை நிறுத்தும் இடம் சமதளமா சரிவா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கீழே, வரும் ஓராண்டில் உறுதியாகப் போகப்போகும் பயணங்களை மட்டும் எழுதுங்கள். என்றைக்காவது போக வேண்டும் என்று நினைக்கும் இடங்களுக்கு இந்தத் தாளில் இடம் கொடுக்காதீர்கள். வண்டி பெரும்பாலும் தவறாகத் தேர்வாவது அந்த 'என்றைக்காவது' என்ற சொல்லால்தான்.

எழுதி முடித்தால் எஞ்சின் அளவு ஏறக்குறையத் தானாகவே தெரிந்துவிடும். 200 சி.சி. ஒற்றை சிலிண்டர் வண்டி மணிக்கு 70 முதல் 85 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுவதும் சிரமமில்லாமல் ஓடும். அதற்கு மேலும் ஓடும் என்றாலும், அதிர்வும் இரைச்சலும் ஏறி, முந்திச் செல்வதற்கென்று கையிருப்பில் இருக்க வேண்டிய வலு தீர்ந்துவிடும். 250 சி.சி. வண்டிக்கு 90 முதல் 100 வரை வசதியான வேகம். விரைவுச் சாலையில் பின்னால் ஆளும் பையுமாக அடிக்கடி போகிறவர்கள் 300 முதல் 400 சி.சி. வரை பார்க்கலாம். தினமும் நகர நெரிசலில் 20 கிலோமீட்டரும் மாதத்தில் ஓரிரு முறை வெளியூருமாக ஓட்டுகிறவருக்கு, என் கணிப்பில், 200 முதல் 250 சி.சி.யே போதும், அதற்கு மேல் வாங்கினால் ஒவ்வொரு சிக்னலிலும் கூடுதல் எடையையும் சூட்டையும் சுமக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: விவரத் தாளை வாசிக்கும் முறை

விற்பனைத் தாளில் புதியவர்களின் கண்ணில் முதலில் படுவது குதிரைத்திறன். இந்த வகை வண்டியில் அது சொல்லும் செய்தி மிகக் குறைவு. ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2016-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் வலு சுமார் 24 குதிரைத்திறன். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். என்னும் 249 சி.சி. வண்டியின் வலு சுமார் 26. தாளில் பார்த்தால் சிறிய எஞ்சினே முந்துகிறது. ஆனால் ஹிமாலயன் தன் உச்ச டார்க்கான (எஞ்சினின் முறுக்குவிசை) 32 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள்ளேயே தந்துவிடுகிறது, வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். தன் 22.2 நியூட்டன் மீட்டரை 7,300 சுழற்சியில்தான் எட்டுகிறது. முதலாவது வண்டியில் கியரை மாற்றாமல் மேட்டில் மெதுவாக ஏறலாம். இரண்டாவதில் ஒரு கியர் குறைத்து எஞ்சினைச் சுழற்றிக்கொண்டு ஏற வேண்டும். அதே நேரம் முதலாவது 200 கிலோவை ஒட்டிய எடை உள்ளது, இரண்டாவது 167 கிலோ. நெரிசலிலும் நிறுத்துமிடத்திலும் அந்த முப்பது கிலோ வித்தியாசத்தை தினமும் உணர்வீர்கள். ஆகவே டார்க் எவ்வளவு என்பதோடு எந்தச் சுழற்சியில் வருகிறது என்பதையும், எரிபொருள் நிரம்பிய நிலையில் வண்டியின் எடை என்ன என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

அடுத்தது சக்கரம். முன்சக்கரம் பெரிதாக இருந்தால் குழியையும் கல்லையும் எளிதாக ஏறிக் கடக்கும். ஆனால் திருப்பங்களில் சற்று மெதுவாகத் திரும்பும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸிலும் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ்ஸிலும் முன்னால் 19, பின்னால் 17. ஹோண்டா சி.பி. 200 எக்ஸில் இரண்டுமே 17. இந்த மூன்று அளவுகளையும் வரிசையாகப் பார்த்தாலே, எது மண்ணுக்கு, எது இரண்டுக்கும் நடுவில், எது தார்ச்சாலைக்கு என்பது விளங்கிவிடும். தினசரி ஓட்டமும் பயணமும் கலந்தவருக்கு நான் சொல்வது 19 அங்குலம்தான்.

சக்கரத்தோடு ஒட்டிய இன்னொரு கேள்வி, அது கம்பிச் சக்கரமா அலாய் சக்கரமா என்பது. கம்பிச் சக்கரம் அடி தாங்கும், வளைந்தாலும் நிமிர்த்தலாம். ஆனால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் என்பதால், ஆணி குத்தினால் சாலையோரத்திலேயே ரப்பர் பட்டையைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு கிளம்பலாம். தினமும் குறித்த நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டியவர் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சஸ்பென்ஷனில் பார்க்க வேண்டியது அதன் பயண அளவு, அதாவது சக்கரம் மேலும் கீழுமாக எவ்வளவு தூரம் நகர முடியும் என்பது. எக்ஸ்பல்ஸ் 200-இல் முன்னால் 190, பின்னால் 170 மில்லிமீட்டர். வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸில் முன்னால் 120 மட்டுமே. அளவு கூடக்கூட குழிகள் தெரியாமல் போகும். கூடவே இருக்கை உயரும், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் முன்பகுதியும் அதிகமாக அமுங்கும்.

டேங்க், குளிர்விக்கும் முறை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். ஆகிய மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேங்கின் கொள்ளளவு இந்த வகையில் பெரிதும் வேறுபடும். ஜி 310 ஜி.எஸ்ஸில் 11 லிட்டர், கவாசாகி வெர்சிஸ்-எக்ஸ் 300-இல் 17. காற்றால் மட்டும் குளிரும் எஞ்சின் எளியது, ஆனால் நின்று நின்று போகும் நெரிசலில் சூடேறும். ரேடியேட்டர் உள்ளது நெரிசலைத் தாங்கும், ஆனால் விழுந்தால் அடிபடக்கூடிய ஒரு பாகம் கூடிவிடும். மண்சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், பின்சக்கரத்தின் ஏ.பி.எஸ்ஸை மட்டும் நிறுத்தும் வசதி உள்ளதா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: உட்கார்ந்தும் தள்ளியும் பாருங்கள்

இருக்கை உயரத்தை எண்ணாகப் படித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் சாதாரண வகைக்கு 825 மில்லிமீட்டர், அதன் புரோ வகைக்கு 891. ஆனால் இருக்கை எவ்வளவு அகலம், நீங்கள் ஏறியதும் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பவற்றைப் பொறுத்தே கால் தரையைத் தொடும். வழக்கமாக ஓட்டும் காலணியோடு ஏறி, சற்று ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, ஒரு கால் முழுப் பாதமும் தரையில் பதிகிறதா என்று பாருங்கள், பதிந்தால் போதும். இரண்டு பாதங்களும் முழுதாகப் பதிய வேண்டும் என்று எதிர்பார்த்தால் இந்த வகையில் பெரும்பாலான வண்டிகளை ஒதுக்க வேண்டியிருக்கும். உயரத்தைக் குறைப்பதற்கு, பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க்கை மாற்றுவதைக் கடைசி வழியாக வையுங்கள். அதனால் ஸ்டீயரிங்கின் குணம் மாறும். சைட் ஸ்டாண்டும் நீளமாகிப்போய் வண்டி நேராக நிற்கும், லேசாக இடித்தாலே மறுபக்கம் சாயும்.

பிறகு இறங்கி, வண்டியைப் பக்கத்தில் பிடித்தபடி பின்னோக்கித் தள்ளுங்கள், ஒரு முழு வட்டம் திருப்புங்கள். மூச்சு வாங்கினால் நிறுத்துமிடத்தில் தினமும் அதே நிலைதான். ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தைச் சோதிப்பதை விட, முதல் கியரில் நடைவேகத்தில் எட்டு வடிவில் திரும்பிப் பார்ப்பதே அதிகம் கற்றுத்தரும். ஃபுட்ரெஸ்டின் மேல் எழுந்து நின்றும் ஓட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்க இடுப்பை மிகவும் வளைக்க வேண்டியிருந்தால், 20 முதல் 30 மில்லிமீட்டர் உயர்த்தும் ரைசர் பின்னால் தேவைப்படும். அதைப் பொருத்தினால், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி கேபிள்களும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வண்டியை உங்கள் உடம்புக்குப் பொருத்துங்கள்

வண்டி வந்த முதல் வாரத்தில் துணைக் கருவிகள் வாங்குவதற்கு முன், ஏற்கெனவே உள்ளவற்றை முறையாகத் திருப்பி வையுங்கள். வழக்கமாக உட்கார்ந்து கையை நீட்டினால், முழங்கை முதல் விரல் நுனி வரை ஒரே கோட்டில் வரும்படி கிளட்ச், பிரேக் லிவர்களைக் கீழ்நோக்கிச் சரித்து வையுங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தால் ஒரு மணி நேர நெரிசலிலேயே வலி வந்துவிடும். பிரேக் பெடலின் உயரம், கியர் லிவரின் கோணம் ஆகியவற்றையும் உங்கள் காலணிக்கு ஏற்பச் சரிசெய்யலாம்.

இதை விட முக்கியமானதும், பலரும் செய்யாமல் விடுவதும், பின் சஸ்பென்ஷனின் பிரீலோடு, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறோம் என்பது. அளப்பதற்கு ஒரு டேப்பும் இரண்டு பேரின் உதவியும் போதும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியோ, ஒருவர் தூக்கிப் பிடித்தோ, பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்படி செய்யுங்கள். சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே இருக்கைக்குக் கீழ் ஏதாவது ஒரு நிலையான போல்ட் வரை அளந்து குறியுங்கள். அடுத்து, முழு உடுப்போடு நீங்கள் ஏறி, இரு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்துக்கொள்ள, ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் அதே இரு புள்ளிகளுக்கும் இடையே மறுபடி அளக்கட்டும். இரண்டு அளவுகளின் வித்தியாசம் மொத்தப் பயண அளவில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 170 மில்லிமீட்டர் பயணம் உள்ள வண்டியில் இது ஏறத்தாழ 50. வித்தியாசம் 70 வந்தால் ஸ்பிரிங்கின் வளையத்தை, வண்டியோடு வரும் கொக்கி ஸ்பேனரால் இறுக்குங்கள்; 30-தான் வந்தால் தளர்த்துங்கள். பின்னால் ஆள் ஏறும் நாளிலும் பயணப் பைகள் கட்டும் நாளிலும் எத்தனை படி கூட்ட வேண்டும் என்பதையும் அப்போதே கண்டறிந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பைகளைக் கட்டினால் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் இலேசாகி, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

புது எஞ்சினின் முதல் 1,000 கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், வேகத்தையும் கியரையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மிக உயர்ந்த சுழற்சியும் கூடாது. உயர் கியரில் எஞ்சின் திணறும்படி இழுப்பதும் கூடாது. கையேட்டில் சொன்ன தூரத்தில் முதல் சர்வீஸைச் செய்து எண்ணெயை மாற்றுங்கள். தினசரி வேலைப் பயணம் இதற்கு மிகவும் ஏற்றது. அதனால் நெடும்பயணம் இருந்தால் அதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வண்டியை எடுத்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: தினசரி ஓட்டத்தில் பழகுதல்

உயரமான இருக்கை உங்களுக்குத் தரும் முதல் நன்மை பார்வை. முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலாக, அதற்கும் முன்னால் எரியும் பிரேக் விளக்கு தெரியும். அதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் திடீர் பிரேக்குகள் பாதியாகக் குறைந்துவிடும். மறுபக்கம், ஹேண்டில்பாரும், கைகளுக்கு முன்னால் உள்ள தடுப்பான நக்கிள் கார்டும் சேர்ந்து வண்டி அகலமாக இருக்கும். அதன் உயரம் பல கார்களின் பக்கக் கண்ணாடி உயரத்தை ஒட்டியே இருப்பதால், பழைய வண்டி நுழைந்த இடைவெளியில் இது நுழையும் என்று முதல் சில வாரங்களில் நம்பாதீர்கள்.

நடைவேக ஓட்டம் தனியாகக் கற்க வேண்டிய கலை. கிளட்சைப் பாதி விட்ட நிலையில் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு திறந்து வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். முன் பிரேக்கைத் தொட்டால், முன்சக்கரத்தைத் தாங்கும் நீண்ட ஃபோர்க் அமுங்கி, திரும்பியிருக்கும் சக்கரத்தோடு வண்டி சட்டென்று சாயும். உயரமான வண்டிகள் நின்ற இடத்தில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

வேகத்தில் நிறுத்தும்போது முறை வேறு. எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்கே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. லிவரைச் சட்டென்று கவ்வாமல், ஃபோர்க் அமுங்கும் வரை மெல்ல அழுத்தி, பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். காலியான மைதானம் ஒன்றில் மணிக்கு 30, 40, 60 என்று படிப்படியாக வேகம் ஏற்றிப் பழகுங்கள், ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது லிவர் துடிப்பதையும் அங்கேயே ஒரு முறை உணர்ந்துவிடுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது, அதாவது நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அத்தனை தூரம் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள், சாலையில் படிந்த எண்ணெய் மேலே வருவதால், மிகவும் வழுக்கும். கட்டம் கட்டமாகப் பள்ளம் உள்ள மண்சாலை டயர் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த டயரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. தினசரி ஓட்டமே அதிகம் என்றால் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயரையே வைத்துக்கொள்ளுங்கள். தோற்றத்துக்காக முரட்டு டயர் போடுவது, நாள்தோறும் சத்தத்தையும் மைலேஜ் குறைவையும் விலைகொடுத்து வாங்குவதுதான்.

உடுப்பைப் பற்றி ஒரு பத்தி போதும். ஹெல்மெட் முகம் முழுவதையும் மூடுவதாகவும் இசிஇ 22.06 போன்ற தரச்சான்று பெற்றதாகவும் இருக்கட்டும். ஜாக்கெட்டில் இஎன் 17092 தரத்தின் ஏஏஏ, ஏஏ, ஏ என்ற வகுப்புகளில் எது என்று சீட்டில் பாருங்கள். மூன்று ஏ உள்ளது உராய்வை அதிகம் தாங்கும், ஒரு ஏ உள்ளது இலேசாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். வேலைக்குப் போகும் நாளில் உண்மையிலேயே அணியக்கூடிய ஏ வகுப்பு ஜாக்கெட், வீட்டில் தொங்கும் ஏஏஏ-வை விட மேல். கணுக்காலை மூடும் பூட்ஸும் கையுறையும் நகரத்துக்குள்ளும் வேண்டும்.

ஆறாம் படி: சுமையைக் கணக்கிட்டுக் கட்டுதல்

கையேட்டில் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதே உங்களுக்கும் பின்னால் உட்காருபவருக்கும் பைகளுக்குமான மொத்த இடம். உடுப்பும் ஹெல்மெட்டும் இதில்தான் அடங்கும். இருவர் போகும்போது பைகளுக்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் நாம் நினைப்பதில் பாதிதான். பின் கேரியரின் மேல் ஒட்டிய சீட்டில் அதற்கென்று தனியாக ஒரு எல்லை, சில கிலோ என்ற அளவிலேயே, இருக்கும். அதை மீறினால் குழியில் இறங்கும்போது கேரியரைத் தாங்கும் சட்டம் விரிசல் விடும்.

கனமான பொருள்கள், அதாவது கருவிகள், தண்ணீர், டியூப் போன்றவை, தாழ்வாகவும் முன்பக்கமாகவும் இருக்க வேண்டும். துணியும் தூக்கப் பையும் மேலேயும் பின்னாலேயும் போகலாம். சிறிய வண்டிக்கு இரும்பு, அலுமினியப் பெட்டிகளை விட இருபுறமும் தொங்கும் துணிப் பைகளே பொருத்தம். தாங்கும் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் உலோகப் பெட்டிகள் காலியாகவே பல கிலோ எடை. விழும்போது காலின்மேல் சிக்கும் அபாயமும் அவற்றில் அதிகம். கட்டி முடித்ததும் பட்டையின் தொங்கும் நுனிகளைச் செருகி முடிச்சிடுங்கள். செயினிலோ சக்கரத்திலோ ஒரு நுனி மாட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஏழாம் படி: பயணத்தை நீட்டுதல்

முதலில் பைகளில்லாமல் அரை நாள், 150 கிலோமீட்டர். அடுத்து முழுச் சுமையோடு ஒரு நாள், 250 முதல் 300 கிலோமீட்டர், அன்றே திரும்புதல். மூன்றாவதாக ஒரு இரவு தங்கித் திரும்புதல். இந்த வரிசையில் போனால் இருக்கை எங்கே அழுத்துகிறது, கை எப்போது மரக்கிறது, எந்தப் பை நகர்கிறது என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கை மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பிடியின் இறுக்கம். முழங்கால்களால் டேங்கைப் பற்றிக்கொண்டால் கை தானாகத் தளரும்.

எரிபொருள் கணக்கை வேலைக்குப் போகும் நாள்களிலேயே தொடங்குங்கள். டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வரும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தரும் வண்டியின் 12 லிட்டர் டேங்க் தாளில் 420 கிலோமீட்டர். திட்டமிடும்போது அதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 330-ஐ ஒட்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், 80-இல் கிடைக்கும் மைலேஜ் 100-இல் கிடைக்காது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் எஞ்சின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். எரிபொருளை இன்ஜெக்ஷனால் தரும் வண்டியில் கலவை தானாகச் சரியாகும், ஆனால் இழந்த வலு திரும்பாது. 20 குதிரைத்திறன் வண்டி 3,000 மீட்டரில் 14, 15 குதிரைத்திறனோடுதான் ஏறுகிறது. கியரைக் குறைத்துப் பொறுமையாக ஏற்றுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, களைப்புத் தெரியாவிட்டாலும், இறங்கி நடங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் சேரும்படி தூரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேகத்தை மணிக்கு 50-க்கு மேல் வைத்துப் போடும் திட்டம், சிறிய சாலைகளில், மாலையில் பிசகிவிடும்.

எட்டாம் படி: மண்ணில் இறங்குதல்

தார் முடியும் இடத்தில் முதலில் டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். கால் பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். டியூப் உள்ள டயரில் காற்று மிகவும் குறைந்தால் கல்லில் மோதும்போது விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் கிள்ளுப்பட்டுக் கிழியும். திரும்பத் தார் ஏறியதும் நிரப்ப, கையில் ஒரு பம்பு இருக்க வேண்டும். காற்றழுத்தத்தை எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்கள்.

ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் தொலைவில் வைத்து, இரண்டாம் கியரில் ஓடுங்கள். வண்டி உங்களுக்குக் கீழே ஆடட்டும். அதைப் பிடித்து நிறுத்த முயல்வதுதான் விழச் செய்கிறது. தளர்ந்த சரளையில் முன் பிரேக்கை ஒரே விரலால் மெல்லவும், பின் பிரேக்கை அதிகமாகவும் பயன்படுத்துங்கள். மணலில் எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்சிலரேட்டரை மூடாமல் சீராக வையுங்கள். ஓடும் நீரைக் கடக்க நேர்ந்தால் முதலில் நடந்து பாருங்கள். நடக்கத் தயங்கும் ஆழத்திலும் இழுப்பிலும் வண்டியை இறக்காதீர்கள். கடந்ததும் பிரேக்கை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓடி டிஸ்க்கை உலர்த்துங்கள்.

மண்ணில் வண்டி விழுவது இயல்பு. தூக்கும் முறையைப் புல்தரையில் ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து, வண்டி உருளாதபடி முதல் கியரில் போடுங்கள். சைட் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறமாக விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே ஸ்டாண்டை இழுத்து விடுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் போய் விழும். தரையில் கிடக்கும் கைப்பிடி டேங்கை ஒட்டி வரும்படி ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகு காட்டி, இருக்கையின் ஓரத்தில் இடுப்பைப் பதித்து, ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும் மறு கையால் கேரியர் கம்பியையும் பிடித்து, முதுகை நேராக வைத்து, கால்களால் தள்ளியபடி சின்னச் சின்ன அடிகளாகப் பின்னோக்கி நடங்கள். முதுகை வளைத்துக் கையால் தூக்குபவருக்கு 160 கிலோ வண்டியும் அசையாது.

ஒன்பதாம் படி: பராமரிப்பு

ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும், மழையிலும் தூசியிலும் ஓடினால் அதற்கு முன்பும், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். எண்ணெயை ஓட்டி முடித்து செயின் சூடாக இருக்கும்போது உட்புறமாக விட்டு, இரவு ஊறவிடுவது நல்லது. கிளம்பும்போது விட்டால் பாதி எண்ணெய் சக்கரத்தில் தெறிக்கும். செயினின் தொய்வைக் கையேட்டின் அளவுப்படி வையுங்கள். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு சாதாரண வண்டியை விட அதிகத் தொய்வு வேண்டும். வேறு வண்டியின் வழக்கத்தில் இறுக்கிவிட்டால், சுமையோடு குழியில் இறங்கும்போது செயின் விறைத்துப்போய் பேரிங்கைத் தின்னும்.

எஞ்சின் எண்ணெய், பைக் எண்ணெய்க்கான தரக்குறியீடான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று குறித்ததாக இருக்கட்டும். கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கச் சேர்ப்பவை, எண்ணெயிலேயே ஊறியிருக்கும் பைக் கிளட்சை வழுக்கச் செய்யும். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது.

டியூப் உள்ள வண்டிக்காரர் டயர் லிவர், மாற்று டியூப், அச்சுக்கான ஸ்பேனர் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்வதோடு, வீட்டிலேயே ஒரு முறை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். டியூப்லெஸ் என்றால் பட்டைப் பெட்டியும் பம்பும் போதும்.

மண்சாலைப் பயணம் முடிந்து வந்ததும் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கேரியர், நக்கிள் கார்டு, எஞ்சினின் அடிப்பகுதியைக் காக்கும் சம்ப் கார்டு ஆகியவற்றின் போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். கம்பிச் சக்கரமானால் ஒரு சிறிய ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள்; இறுக்கமானது 'டிங்' என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஓரிரண்டு தளர்ந்திருந்தால் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் இறுக்கலாம். அடுத்தடுத்த பல கம்பிகள் தளர்ந்திருந்தாலோ, சக்கரத்தைச் சுழற்றும்போது விளிம்பு ஆடினாலோ, சக்கரம் கட்டத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்யும் வரை வண்டியை வேகச் சாலையில் எடுக்க வேண்டாம்.